பிக்கப் வண்டியின் உயரத்தைக் கூட்டுதல்: லிஃப்ட் கிட்டை வீட்டிலேயே பாதுகாப்பாகப் பொருத்தப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சக்கரம் கழற்றவும், ஸ்பேனர் பிடிக்கவும், செய்முறைக் கையேட்டைப் பொறுமையாகப் படிக்கவும் தெரிந்த ஒருவரால், வண்டியை உயர்த்தும் பாகங்களின் தொகுப்பான லிஃப்ட் கிட்டை வீட்டில் பொருத்திவிட முடியும். வேலையின் கடினம் போல்ட்டுகளைக் கழற்றுவதில் இல்லை. தலைக்கு மேல் நிற்கும் வண்டியின் எடை, ஸ்பிரிங்கினுள் சுருங்கி அடைபட்டிருக்கும் விசை ஆகிய இரண்டும் ஒரு நொடியில் உயிரைப் பறிக்கக் கூடியவை. வேலை முடிந்து வண்டி சாலைக்கு வந்த பிறகு மூன்றாவது ஆபத்து தொடங்குகிறது: ஸ்பிரிங்கை உயர்த்தியவர்கள் பெரும்பாலும் ஸ்பிரிங்கை மட்டுமே பார்க்கிறார்கள், ஆனால் சக்கரத்துக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கும் இடையே ஓடும் ஒவ்வொரு பிரேக் ஹோஸும், ஒயரும், ஷாஃப்ட்டும் அதே அளவு இழுபடுகின்றன. இந்த மூன்றையும் மனத்தில் வைத்தே கீழ்க்காணும் படிகள் எழுதப்பட்டுள்ளன.

இங்கே எடுத்துக்கொள்வது ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மேக்ஸ் போன்ற வண்டிகளில் இன்று பரவலாகக் காணப்படும் அமைப்பு. முன்னால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியே, சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட் இருக்கும். பின்னால் பட்டை ஸ்பிரிங்குகளோடு, இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு, அதாவது ஆக்ஸில், இருக்கும். முன்பக்கத்தில் டார்ஷன் பார் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுகு கம்பி) உள்ள பழைய வண்டிகளுக்கும், முன்னாலும் முழு ஆக்ஸில் உள்ளவற்றுக்கும் முறை வேறு. காற்று சஸ்பென்ஷன் அல்லது மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட ஷாக் அப்சார்பர் உள்ள வண்டியில் முதல்முறையாக வீட்டில் கை வைக்க வேண்டாம்.

கிட்டைத் தேர்ந்தெடுத்தல்

எவ்வளவு உயர்த்துவது என்பதுதான் முதல் முடிவு. இந்த வகை முன் சஸ்பென்ஷனில் 2 அங்குலம், மிஞ்சினால் 2.5 அங்குலம் என்பதைப் புதியவர்கள் தங்கள் எல்லையாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு மேல் போனால் முன்சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட்டின் ஜாயிண்டுகள் தாங்க முடியாத கோணத்தில் வளைகின்றன, ரப்பர் உறைகள் கிழிகின்றன, சக்கரத்தைத் தாங்கும் மேல் கையின் (மேல் ஆர்ம்) முனையிலுள்ள பந்து மூட்டான மேல் பால் ஜாயிண்ட் தன் அசைவின் எல்லையைத் தொடுகிறது. அவற்றைச் சரிசெய்ய டிஃபரென்ஷியலை (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) கீழிறக்கும் பிராக்கெட்டுகள், புதிய மேல் ஆர்ம்கள் எனப் பாகங்கள் பெருகும். வெல்டிங் வேலைகூடத் தேவைப்படலாம். அது வேறு தரத்து வேலை.

முன்பக்கத்துக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஸ்ட்ரட்டின் தலைக்கும் சேஸிஸுக்கும் இடையே ஸ்பேசர் என்னும் தடித்த உலோகத் தட்டை வைப்பது ஒன்று. நீளம் கூடிய, முழுமையாகக் கோத்து விற்கப்படும் புதிய ஸ்ட்ரட்டையே மாற்றுவது மற்றொன்று. இரண்டாவது விலை கூடியது. ஆனால் வண்டியின் ஓட்டம் நன்றாக இருக்கும், ஸ்பிரிங்கைத் தனியே சுருக்க வேண்டிய தேவையும் இராது. ஸ்பேசர் வாங்குவோர் அதன் தடிமனைக் கண்டு குழம்ப வேண்டாம். ஸ்ட்ரட்டின் அடிப்பகுதி கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் பொருந்தியிருக்கிறது. கீலுக்குப் பக்கத்தில் கதவைச் சிறிது தள்ளினால் அதன் வெளி விளிம்பு நிறைய நகர்வதைப் போல, அங்கே சேர்க்கும் ஓர் அங்குலம் சக்கரத்தில் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு அங்குல உயரமாக வெளிப்படும். ஆகவே 2 அங்குல உயரத்துக்கான கிட்டில் 1 அங்குலத்தை ஒட்டிய தட்டு இருப்பது சரியே. தடிமன் போதவில்லை என்று எண்ணி இரண்டு தட்டுகளை அடுக்குவது கடுமையான தவறு.

பின்பக்கத்தில் ஆக்ஸிலுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் இடையே வைக்கும் உலோகக் கட்டை எளியது. கூடுதல் பட்டை ஒன்றை ஸ்பிரிங் கட்டில் சேர்ப்பது அதைவிடச் சிறந்தது, ஏனெனில் உயரமான கட்டை ஒரு நெம்புகோலாகிவிடும். ஆக்ஸிலை இழுக்கும் விசை ஸ்பிரிங்கை முறுக்கத் தொடங்கும். கட்டையைத் தேர்ந்தால் ஒரே துண்டாக இருக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கக் கூடாது. முன் ஆக்ஸிலில் கட்டை வைப்பதை எந்த வண்டியிலும் நினைத்தே பார்க்க வேண்டாம். எந்தக் கிட்டாயினும் அதில் ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு கட்டிப் பிடிக்கும் புதிய யு போல்ட்டுகளும் நட்டுகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒருமுறை முறுக்கப்பட்ட யு போல்ட் சற்றே நீண்டுவிடுகிறது. அதை மீண்டும் முறுக்கினால் அளவு சரியாகக் காட்டும், பிடிப்பு இருக்காது.

பணம் கொடுப்பதற்கு முன் இன்னொன்றையும் செய்ய வேண்டும். வண்டியின் உயரத்தை எந்த அளவு மாற்றலாம், அதற்குப் பரிசோதனையோ அனுமதியோ தேவையா என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. உங்கள் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அறிவிக்காமல் செய்த மாற்றம், விபத்து நேர்ந்த நாளில் இழப்பீட்டையே இல்லாமல் ஆக்கலாம்.

இடமும் கருவிகளும்

தளம் சமமான கான்கிரீட்டாக இருக்க வேண்டும். மண், சரளை, வெயிலில் இளகும் தார், சரிவான வாசல் ஆகிய எதுவும் ஆகாது. இரட்டைக் கேபின் பிக்கப் ஏறத்தாழ 2 டன் எடை கொண்டது. தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக்கி ஸ்டாண்டுகளை, 3 டன் தாங்கும் வகையில், ஜோடியாக வாங்குங்கள், குறிப்பிட்ட எடை ஒன்றுக்கா அல்லது இரண்டுக்கும் சேர்த்தா என்று லேபிளைப் படியுங்கள். உயரமும் முக்கியம். பிக்கப்பின் சேஸிஸ் ஏற்கெனவே உயரமானது, கிட் பொருத்திய பிறகு சக்கரம் இன்னும் கீழே தொங்கும். கார்களுக்கான குட்டை ஸ்டாண்ட் போதாது. ஹாலோ பிளாக், செங்கல், மரத்துண்டு அடுக்கு ஆகியவற்றின் மீது வண்டியை நிறுத்திவிட்டு அடியில் போகிறவர் திரும்பி வருவார் என்பதற்கு உறுதியில்லை.

சக்கரமுள்ள ஹைட்ராலிக் ஜாக்கிகள் இரண்டு தேவை: ஒன்று வண்டியைத் தூக்க, மற்றொன்று ஆர்மையும் ஆக்ஸிலையும் ஏற்றி இறக்க. இவற்றுடன் சக்கரத் தடைக்கட்டைகள், நீண்ட கைப்பிடி ரெஞ்ச், டார்க் ரெஞ்ச் (குறித்த முறுக்களவுக்கு இறுக்க உதவுவது), கடப்பாரை, சுத்தியல், உறுதியான கட்டுக்கம்பி அல்லது பட்டை, பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை ஆகியன வேண்டும். டார்க் ரெஞ்சை முறுக்கி இறுக்க மட்டுமே பயன்படுத்துங்கள். துருப்பிடித்த நட்டைக் கழற்ற அதை நெம்பினால் அதன் அளவு பிழைபட்டுவிடும். வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டிலிருந்து ஒவ்வொரு போல்ட்டுக்குமான முறுக்களவை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதிய பாகங்களுக்குக் கிட்டோடு வந்த அளவே செல்லும்.

முந்தைய நாள் மாலையிலேயே கழற்றப் போகும் எல்லா நட்டுகளிலும் துருநீக்கி எண்ணெய் தெளித்துவிடுங்கள். அப்போதே, சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண்கள் இல்லாவிட்டால் வேலை முடிந்ததும் வண்டி எவ்வளவு உயர்ந்தது, இடமும் வலமும் சமமா என்று சொல்ல வழியில்லை. உடன் ஒருவர் இருக்கட்டும். தனியாக வண்டிக்கு அடியில் வேலை செய்யாதீர்கள்.

முன்பக்க வேலை

பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் தடைக்கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முன்சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்துங்கள். கையேடு காட்டும் இடத்தில் ஜாக்கியை வைத்துத் தூக்கி, முன் ஆர்ம்களுக்குப் பின்னால் சேஸிஸ் சட்டத்தின் அடியில் இருபுறமும் ஸ்டாண்டுகளை வைத்து, எடை முழுவதும் அவற்றின் மேல் அமரும்படி மெதுவாக இறக்குங்கள். அடியில் போவதற்கு முன் வண்டியைப் பக்கவாட்டில் பலமாக அசைத்துப் பாருங்கள். ஆட வேண்டுமானால் இப்போதே ஆடட்டும். கழற்றிய சக்கரங்களை சேஸிஸின் அடியில் படுக்க வைப்பது நல்ல பழக்கம்: ஸ்டாண்ட் சரிந்தாலும் வண்டி முழுதாகத் தரையில் விழாது.

இனி இரு பக்கத்து ஆர்ம்களையும் இணைக்கும் குறுக்குக் கம்பியான ஸ்டெபிலைசர் பாரின் இணைப்புகளை இரண்டு பக்கமும் கழற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் மறுபக்கத்துச் சக்கரம் இந்தப் பக்கத்து ஆர்மை மேலே பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். பிறகு பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் பிடித்திருக்கும் பிராக்கெட்டுகளை விடுவியுங்கள். பிரேக் தட்டைக் கவ்வும் பாகமான காலிப்பரைக் கழற்ற நேர்ந்தால் அதைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும், ஹோஸில் தொங்கவிடக் கூடாது. ஹோஸின் உட்புறம் கிழிந்தால் வெளியே தெரியாது, பிரேக் மிதிக்கும் நாளில்தான் தெரியும்.

இரண்டாவது ஜாக்கியைக் கீழ் ஆர்மின் அடியில் தொடும்படி வைத்துவிட்டு, டைராட் எண்டையும் (ஸ்டியரிங் கம்பி சக்கரத்தோடு இணையும் முனை) மேல் பால் ஜாயிண்டையும் பிரிக்க வேண்டும். நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின்னை எடுத்து, நட்டை முழுதாகக் கழற்றாமல் சில மரைகள் பிடித்திருக்கும்படி விட்டு, பால் ஜாயிண்டின் தண்டு பொருந்தியிருக்கும் நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பாகம்) பக்கச் சுவரில் சுத்தியலால் ஓங்கித் தட்டுங்கள். கூம்பு வடிவப் பிடிப்பு அதிர்ந்து விட்டுவிடும்; மீதமிருக்கும் நட்டு, ஆர்ம் துள்ளி விழாமல் காக்கும். மரையின் மீது நேராக அடித்தால் பால் ஜாயிண்டே வீணாகும். பிரிந்தவுடன் நக்கிள் வெளிப்புறமாகச் சாயப் பார்க்கும். அதைப் பட்டையால் மேலே கட்டிவிடுங்கள், இல்லையேல் நான்கு சக்கர இயக்க வண்டியில் ஷாஃப்ட்டின் உள் ஜாயிண்ட் கழன்றுவிடும்.

இப்போது இந்தக் கட்டுரையின் மிக முக்கியமான வரிக்கு வருகிறோம். ஸ்ட்ரட்டின் தலையில் வட்டமாக மூன்று நட்டுகளும் அவற்றுக்கு நடுவில் ஒரு நட்டும் தெரியும். கழற்ற வேண்டியவை சுற்றிலும் உள்ள மூன்று மட்டுமே. நடு நட்டு சுருங்கிய ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருக்கிறது. சக்கரம் காற்றில் தொங்கும்போதும் அந்த விசை தீர்வதில்லை. அதைத் தளர்த்தினால் ஸ்பிரிங்கும் மூடியும் வெடித்துப் பாயும், எதிரே இருப்பவரின் முகம் தப்பாது. வேலை தொடங்கும் முன்பே நடு நட்டின் மேல் வண்ண நாடா ஒட்டி மறைத்துவிடுங்கள். உங்கள் கிட்டின் ஸ்பேசர் ஸ்பிரிங்குக்கு உள்ளே போகும் வகையானால், ஸ்ட்ரட்டைக் கழற்றும் வரை நீங்கள் செய்து, ஸ்பிரிங்கைச் சுருக்கிப் பிரிக்கும் வேலையைச் சுவரில் பொருத்திய முறையான இயந்திரம் உள்ள பட்டறையிடம் ஒப்படையுங்கள். கையால் முறுக்கும் மலிவான ஸ்பிரிங் கிளாம்ப்புகள் பிக்கப்பின் கனத்த ஸ்பிரிங்குக்கு ஏற்றவை அல்ல.

கீழ் போல்ட்டையும் மேலே மூன்று நட்டுகளையும் எடுத்தால் ஸ்ட்ரட் கையோடு வரும்; கனமானது, இருவர் பிடியுங்கள். மேசையில் வைத்து, அதன் தலையில் ஸ்பேசரைக் கிட்டின் குறியீட்டுத் திசைப்படி பொருத்துங்கள். இடம், வலம், முன் என்னும் குறிகள் மாறினால் கீழ்த் துளை நேருக்கு வராது. ஸ்ட்ரட்டை ஸ்பேசரோடு பிணைக்கும் நட்டுகளை இங்கேயே முழு முறுக்களவுக்கு இறுக்குங்கள், ஏனெனில் வண்டியில் ஏறிய பிறகு பல கிட்டுகளில் அவற்றை எட்ட முடியாது.

திரும்பப் பொருத்துவதுதான் கழற்றுவதைவிடச் சிரமம், ஸ்ட்ரட் இப்போது நீளமாகிவிட்டதால். மேல் நட்டுகளைக் கையால் பிடிக்கும் அளவு மட்டும் முறுக்கிவிட்டு, கடப்பாரையால் கீழ் ஆர்மை அழுத்தித் துளைகளை நேராக்கி போல்ட்டைச் செருகுங்கள். துளை நேராகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கவே கூடாது; ஆர்ம் ஒரு மில்லிமீட்டர் நழுவினாலும் விரல் துண்டாகும். கூம்பு முனைக் கம்பியைச் செருகிப் பாருங்கள். மேல் பால் ஜாயிண்டை நக்கிளில் சேர்க்கக் கீழ் ஆர்மை ஜாக்கியால் உயர்த்த வேண்டியிருக்கும். அப்போது கண் ஆர்மில் இருப்பதைவிட ஸ்டாண்டில் இருப்பது நல்லது: ஜாக்கி ஆர்மோடு வண்டியையும் சேர்த்துத் தூக்கிவிட்டால் ஸ்டாண்ட் விடுபட்டுச் சரியும். உடன் இருப்பவரின் வேலையே அதைக் கவனிப்பதுதான். பால் ஜாயிண்ட் நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கியபின் காட்டர் பின்னின் துளை பொருந்தாவிட்டால் இன்னும் சற்று இறுக்கிப் பொருத்துங்கள், பின்னோக்கித் தளர்த்திப் பொருத்தாதீர்கள். காட்டர் பின் புதியதாக இருக்கட்டும். மேல் நட்டுகளையும் முழு அளவுக்கு இறுக்கி, டைராட் எண்ட், ஸ்டெபிலைசர் இணைப்புகள், பிராக்கெட்டுகள் என விடுவித்த அனைத்தையும் திரும்பப் பொருத்துங்கள்.

பின்பக்க வேலை

முன்பக்கத்தை முடித்துத் தரையிறக்கிய பிறகே பின்பக்கத்தைத் தொடுங்கள். இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஹேண்ட் பிரேக் பொதுவாகப் பின்சக்கரங்களையே பிடிக்கிறது. அவை காற்றில் இருக்கும்போது அது வண்டியை நிறுத்தி வைக்காது. முன்சக்கரங்கள் இரண்டுக்கும் இருபுறமும் தடைக்கட்டை வையுங்கள். ஸ்டாண்டுகள் பட்டை ஸ்பிரிங்கின் முன் பிடிப்புக்கு முன்னால் சேஸிஸின் அடியில் வர வேண்டும், ஆக்ஸிலின் எடையை ஜாக்கி தாங்க வேண்டும்.

ஆக்ஸிலை இறக்கும் முன் அதனோடு இணைந்த ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பின்தொடருங்கள்: பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், ஹேண்ட் பிரேக் கேபிள், டிஃபரென்ஷியலின் காற்றுக்குழாய், ஷாக் அப்சார்பரின் அடிப்போல்ட். எது இழுபடுமோ அதை விடுவித்துவிட்டு, யு போல்ட்டுகளை ஒரு பக்கம் மட்டும் முழுதாகக் கழற்றுங்கள். மறுபக்கத்தைத் தளர்த்தினால் போதும். இரண்டையும் ஒருசேரக் கழற்றினால் ஆக்ஸில் தன் அச்சில் சுழன்று ஜாக்கியிலிருந்து நழுவக்கூடும்.

ஜாக்கியைச் சிறிது சிறிதாக இறக்கிக் கட்டையை வையுங்கள். கட்டையின் அடியில் உள்ள முளை ஆக்ஸிலின் இருக்கைத் துளையிலும், ஸ்பிரிங் கட்டின் பட்டைகளை நடுவில் பிணைக்கும் சென்டர் போல்ட்டின் தலை கட்டையின் மேல் துளையிலும் முழுதாக அமர வேண்டும். இந்த இரண்டுமே ஆக்ஸிலை நேராக நிறுத்துகின்றன. சரிவாக வெட்டப்பட்ட கட்டையானால் மெல்லிய முனை வண்டியின் முன்பக்கம் நோக்க வேண்டும்: அப்போதுதான் டிஃபரென்ஷியலின் மூக்கு சற்று மேலெழுந்து, அதற்கு விசையைக் கொண்டுவரும் நீண்ட ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணத்துக்கு இசையும். புதிய யு போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக, பல சுற்றுகளில், நான்கு மரை முனைகளும் ஒரே அளவு வெளியே தெரியும்படி இறுக்குங்கள்.

கூடுதல் பட்டை சேர்ப்பவர்கள் சென்டர் போல்ட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். அது பட்டைகளை வளைத்துப் பிடித்திருக்கிறது. இருபுறமும் வலுவான சி கிளாம்ப்புகளால் ஸ்பிரிங் கட்டினை இறுக்கிய பிறகே அதைத் தொடுங்கள், பிறகு கிளாம்ப்புகளை மாறி மாறித் தளர்த்துங்கள்.

ஷாக் அப்சார்பரை மாட்டும்போது ஆக்ஸிலை முழுதாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஸ்பிரிங்குக்கு இன்னும் இறங்க இடமிருக்க, ஷாக் அப்சார்பர் முழு நீளத்துக்கு இழுபட்டு நின்றால், பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் அதுவே அடி வாங்கும், நீளமானது தேவை. சில பிக்கப்புகளில் சேஸிஸிலிருந்து ஆக்ஸிலுக்கு ஒரு கம்பி செல்லும். சுமைக்கேற்பப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு அது. வண்டியை உயர்த்தியதும் அந்த வால்வு வண்டி காலியாக இருப்பதாகவே எடுத்துக்கொண்டு பின்பிரேக்கைக் குறைக்கும், சுமை ஏற்றிய நாளில் நிற்கும் தூரம் நீளும். கம்பியின் பிடிப்பை அதே உயரத்துக்கு மாற்றும் பிராக்கெட் கிட்டில் இல்லையென்றால் தனியே வாங்கிப் பொருத்துங்கள்.

தரையிறக்கிய பின்

சக்கர நட்டுகளை நட்சத்திர வரிசையில் டார்க் ரெஞ்சால் இறுக்கிய பிறகு வண்டியைச் சில மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். தூக்கி இறக்கும்போது டயர்கள் பக்கவாட்டில் உராய்ந்து சஸ்பென்ஷனை உயரத்தில் பிடித்து வைக்கின்றன. உருட்டினால்தான் அது தன் உண்மையான இடத்துக்கு அமரும். ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் உருளை) உள்ள போல்ட்டுகள், குறிப்பாகக் கீழ் ஆர்ம், ஸ்ட்ரட்டின் அடிப்பகுதி, பட்டை ஸ்பிரிங்கின் முனைகள் ஆகியவற்றின் இறுதி முறுக்கு இந்த நிலையில்தான் கொடுக்கப்பட வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுகிக் கிடந்து விரைவில் கிழியும். பின்னர் நான்கு மூலைகளையும் மீண்டும் அளந்து, முந்தைய எண்களோடு ஒப்பிடுங்கள்.

ஸ்டியரிங்கை இரு எல்லைக்கும் திருப்பி, பிரேக் ஹோஸ் எங்கும் விறைக்கிறதா, டயரையோ ஆர்மையோ தொடுகிறதா என்று கைவிளக்கோடு பாருங்கள். ஆளில்லாத இடத்தில் நடைவேகத்தில் பிரேக்கையும் ஹேண்ட் பிரேக்கையும் சோதித்த பிறகே சாலைக்குச் செல்லுங்கள். அந்த முதல் பயணம் நேராக வீல் அலைன்மெண்ட் செய்யும் இடத்துக்கு, மெதுவாக, இருக்கட்டும். கேம்பர், காஸ்டர், டோ என்னும் சக்கரக் கோணங்கள் மூன்றுமே மாறியிருக்கும். அலைன்மெண்ட் இல்லாமல் நாட்களைத் தள்ளினால் டயர் ஒரு பக்கம் தேயும், ஸ்டியரிங் நெடுஞ்சாலையில் அலைபாயும். முன் கேமராவோ ரேடாரோ உள்ள வண்டியில் அவற்றின் அளவமைப்பையும் ஸ்டியரிங் கோண உணரியையும் அதே நாளில் சரிசெய்யச் சொல்லுங்கள். முகப்பு விளக்குகளையும் தாழ்த்த வேண்டும். முன்பக்கம் மட்டும் உயர்ந்த வண்டியில் ஒளி மேல்நோக்கிச் சாய்ந்து எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்.

முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட், ஸ்ட்ரட், பால் ஜாயிண்ட், சக்கர நட்டு அனைத்தையும் டார்க் ரெஞ்சால் மீண்டும் சோதியுங்கள். 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் மறுபடியும் ஒருமுறை. யு போல்ட்டுகள் முதல் சோதனையில் சற்று இடம் கொடுப்பது இயல்பு. இரண்டாவது சோதனையிலும் ஏதேனும் ஒன்று தளர்ந்திருந்தால், அதை முறுக்கிவிட்டுப் போகாமல், கட்டையின் முளையும் இருக்கையும் சரியாக அமர்ந்துள்ளனவா என்று கழற்றிப் பாருங்கள். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டிலிருந்து குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்வு வந்தால் அதன் கோணம் இன்னும் பொருந்தவில்லை என்று பொருள். இரண்டு துண்டு ஷாஃப்ட் உள்ள வண்டிகளில் நடு பேரிங்கைச் சிறிது கீழிறக்கும் தட்டு பெரும்பாலும் அதைத் தீர்க்கும். வண்டியின் எடை மையம் உயர்ந்திருப்பதால் வளைவுகளில் வேகத்தை முன்பைவிட முன்கூட்டியே குறையுங்கள், அந்த வண்டியை ஓட்டும் வீட்டார் அனைவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.